ரேடியோ நின்றுபோவதாகச் சொன்னார்

ஸ்டீயரிங் சில நேரம் கனக்கிறது என்று என் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்திருந்த டீச்சர், சோதித்து முடித்ததும் "ஓட்டலாமா தம்பி?" என்று கேட்டார். "தாராளமா ஓட்டலாம் டீச்சர், ஸ்கேனர்ல எல்லாம் சரியா இருக்கு" என்றேன். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரில் அளவுகள் உண்மையிலேயே சரியாக இருந்தன. கையை எடுத்த நிலையில், ஸ்டீயரிங்கைத் திருப்பும் விசையை அளக்கும் டார்க் சென்சாரின் இரண்டு வரிகளும் 2.5 வோல்ட்டில் நின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒன்று ஏறும் அளவுக்கு மற்றது இறங்கி, இரண்டும் சேர்ந்து 5 வோல்ட்டை விட்டு நகரவில்லை. நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்தபோது, திருப்ப உதவும் மின்மோட்டார் 40 ஆம்பியர் வரை இழுத்தது. பேட்டரி மின்னழுத்தம் 13.9. மின்னழுத்தம் குறைந்ததாக ஒரே ஒரு பழைய ஃபால்ட் கோடு (கோளாறுப் பதிவு) மட்டும் வண்டியின் நினைவகத்தில் கிடந்தது. போன மாதம்தான் பேட்டரி மாற்றியதாக டீச்சர் சொன்னதால், கழற்றி மாட்டும்போது பதிந்ததாக இருக்கும் என்று முடிவு செய்து அதை அழித்தேன். அந்த இடத்தில் வேறு யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் டீச்சர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஸ்டீயரிங் கனக்கும் நேரத்தில் ரேடியோ ஒரு நொடி நின்று திரும்பப் பாடுகிறதாம். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல டீச்சர்" என்று சிரித்தேன். வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலும் அதை எழுதவில்லை.

பதினோராம் நாள், ரிவர்ஸில் கேட்டுக்குள் நுழையும்போது பாதி வளைவில் ஸ்டீயரிங் இறுகிப்போய், பின் பம்பர் தூணில் இடித்து உடைந்தது. அவருக்கு அடி எதுவும் இல்லை. அன்றைக்குத்தான் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை பாடியிலும் வைத்து, பட்டறைப் பையனை ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 3 வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரி நெகட்டிவை பாடியோடு இணைக்கும் எர்த் வயரைப் பிடிக்கும் போல்ட் கையாலேயே சுழன்றது. அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. சுரண்டி, இறுக்கிய பிறகு அதே ஒடிப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் போகவில்லை. நான் அலட்சியமாக அழித்த கோடு பேட்டரி மாற்றியதோடு தொடர்புடையதுதான் போலும். நான் நினைத்த வழியில் அல்ல.

முதல் நாளே பிடித்திருக்க முடியுமா என்று கேட்டால், தெரியவில்லை என்பதே நேர்மையான பதில். அன்றைக்கு ஸ்கேனர் திரையில் பன்னிரண்டு அளவுகளின் வரிகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தேன்; அத்தனை வரிகளைக் கேட்டால் ஸ்கேனர் ஒவ்வொன்றையும் புதுப்பிக்க நேரம் எடுத்துக்கொள்ளும், கண நேரச் சரிவு அதில் தப்பிவிடும். மேலும், ஒடிக்கும்போது என் கண் ஆம்பியரில்தான் இருந்தது, 13.9 என்பது ஸ்டீயரிங் சும்மா இருந்தபோது பார்த்தது. மின்னழுத்தம், மின்னோட்டம் என்ற இரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒடித்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். அல்லது அந்த போல்ட் அன்றைக்கு ஒழுங்காகவே ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். இந்த இரண்டாவது சாத்தியத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் காரணம் அது உண்மை என்பதா, ஆறுதல் என்பதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

பம்பருக்கு நான் பணம் வாங்கவில்லை. டீச்சரும் கோபப்படவில்லை, "மிஷினுக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் சொன்னார். ரேடியோவைப் பற்றி அவர் திரும்பப் பேசவே இல்லை. இப்போது ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். வண்டிகள் வரிசையில் நிற்கும் நாட்களில், பன்னிரண்டு வரிகளையும் ஒன்றாகத்தான் திறக்கிறேன்.