ஒழுங்கை

வேலூரை அடுத்த மேல்மொணவூரில் உள்ள இலங்கைத் தமிழர் குடியிருப்பில், எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் வீட்டைத் தேடிப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், "இந்த ஒழுங்கையாலை போங்கோ, மூண்டாவது வீடு" என்று கை காட்டினார். அவர் காட்டியது இரண்டு வீட்டு வரிசைகளுக்கு நடுவே செல்லும் சாதாரணச் சந்து. ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கால்கள் நகரவில்லை. 1988இல் அந்த ஒரு சொல்லின் பொருள் எனக்குத் தெரியாமல் போனதால், என்னுடன் நடந்துவந்த ஒருவர் தன் இடது பாதத்தை இழந்தார்.

நான் கணியம்பாடிப் பக்கத்துக்காரன். ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற கம்மவான்பேட்டை எங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. பட்டாளத்துக்குப் போவதை எங்கள் பகுதியில் விவசாயத்தைப் போல ஒரு குடும்பத் தொழிலாகவே பார்ப்பார்கள். குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியனில் சேர்ந்தேன். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்று எல்லோரும் அதில் உண்டு. அதிகாரிகளில் பலர் வடநாட்டவர். இலங்கைக்குப் போகும் உத்தரவு வந்தபோது, தமிழ் பேசும் நாங்கள் சிப்பாய் வேலையோடு மொழிபெயர்ப்பாளர் வேலையையும் பார்க்க வேண்டியதாயிற்று. அதற்கென்று யாரும் எங்களுக்குப் பயிற்சி தரவில்லை. தமிழனுக்குத் தமிழ் தெரியாதா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1987 ஜூலை 29இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அமைதி காக்கப் போன இந்தியப் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய 13ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் அங்கேயே இறந்தார்கள். அதே மாதம் 21ஆம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில், நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இந்தியப் படையினரின் சூட்டில் மாண்டார்கள். இரண்டும் நடந்து முடிந்த பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். எங்களைப் பார்த்த மக்களின் கண்களில் ஏன் அவ்வளவு அச்சமும் கசப்பும் இருந்தன என்பதை இரண்டாவது செய்தியை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். என் மொழியைப் பேசுகிறவர்களின் வாசலில் துப்பாக்கியோடு நின்று "யார் வந்தது, எப்போது வந்தது" என்று விசாரிப்பதைவிடக் கடினமான வேலையை என் பணிக்காலம் முழுவதிலும் நான் செய்ததில்லை.

அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் ஒரு கிராமத்தில் தேடுதல் நடந்தது. கிடுகு வேலி போட்ட ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்பும்போது, தலையை நிமிர்த்தாமல், புடைப்பதையும் நிறுத்தாமல், உதடு மட்டும் அசைய, "ஒழுங்கையாலை போகாதேங்கோ தம்பி" என்றார். எங்கள் ஊரில் ஒழுங்கு உண்டு, ஒழுங்கை கிடையாது. வரிசையாகப் போகாதீர்கள் என்கிறாரா, ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்கிறாரா என்று ஒரு கணம் குழம்பினேன். என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டபோது, "ஒன்றுமில்லை சாப், ஏதோ புலம்புகிறார்" என்று பதில் சொன்னேன். திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த அம்மா இரண்டாம் முறை சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம். எங்களுக்கு உதவியவர் என்று பெயர் வந்தால் அவர் உயிருக்கே உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் கேட்பது என் கடமை, நான் அதைச் செய்யவில்லை.

வேலிகளுக்கு நடுவே இருந்த குறுகலான மணல் பாதையில் ஐம்பது அடிகூடப் போயிருக்க மாட்டோம். முன்னால் சென்ற, நாயக் பதவியிலிருந்த கேரளத்துக்காரரின் காலடியில் மிதிவெடி வெடித்தது. கையால் செய்த சிறிய வெடிதான். ஆளைக் கொல்வதைவிட முடமாக்குவதற்கென்றே வைப்பது. அவர் கத்தவில்லை. மணலில் உட்கார்ந்தபடி தன் பூட்ஸைத் தேடினார். ஃபீல்டு டிரெஸ்ஸிங்கை நான்தான் கட்டினேன். பலாலி ராணுவத் தளத்துக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வரும்வரை அவர் என் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

அதற்குள் எங்களில் சிலர் கோபத்தோடு அந்த வீட்டை நோக்கித் திரும்பிவிட்டார்கள். வெடி இருப்பது கிழவிக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் சொன்னது சரிதான். அவருக்குத் தெரிந்திருந்தது, அதை எங்களிடம் சொல்லவும் சொன்னார். அந்தப் பாதையில் நின்றபோதுதான், ஒழுங்கை என்றால் இதுதான் என்று எனக்கு விளங்கியது. ஓடிப்போய்ப் படலையை மறித்து நின்று, "சாப், அவர் எச்சரித்தார், நான்தான் தவறாகச் சொன்னேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அதிகாரி என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். அந்த வீட்டில் யார் மேலும் கை படவில்லை. எனக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். படலை என்றால் வாசல் கேட், சுளகு என்றால் முறம், கிடுகு என்றால் பின்னிய தென்னங்கீற்று, பெடியன் என்றால் பையன், கதைப்பது என்றால் பேசுவது என்று, கேட்ட சொற்களையெல்லாம் அதில் எழுதி, மாலையில் மற்ற தமிழ்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். புரியாத சொல்லை இரண்டு முறை கேட்ட பிறகுதான் மொழிபெயர்க்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

கடைசிப் படை 1990 மார்ச் 24 அன்று இலங்கையை விட்டுக் கிளம்பியது. ஏறத்தாழ 1,200 பேரை அங்கே இழந்திருந்தோம். எங்கள் பட்டாலியன் அதற்கு முன்பே திரும்பிவிட்டது. கிளம்பும் நாளில், எங்களிடமிருந்து பொறுப்பேற்ற படைப்பிரிவின் தமிழ் ஹவில்தார் ஒருவரிடம் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் பக்கத்தில், மற்ற சொற்களைவிடப் பெரிய எழுத்தில், ஒழுங்கை என்று எழுதியிருந்தேன்.