ஹூரன் ஏரியின் அடியில் ஓர் உப்பளம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் தென்மேற்குப் பகுதியில், ஹூரன் ஏரிக்கரையில் இருக்கும் கோடரிச் என்ற சிறிய நகரத்துக்கு என் கணவரின் வேலை நிமித்தம் நாங்கள் குடிவந்தோம். தமிழ்க் கடைக்குப் போவதென்றால் ரொறன்ரோவின் ஸ்காபரோவை நோக்கி ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாகனம் ஓட்ட வேண்டும். மீனும் முருங்கைக்காயும் கிடைக்காத ஊராக இருந்தாலும் உப்புக்கு இங்கே பஞ்சமில்லை. ஏரியின் கீழே ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் என்று சொல்லப்படும் சுரங்கம் பல கிலோமீட்டர் தூரத்துக்கு விரிந்து கிடக்கிறது. ரொறன்ரோவின் சி.என். கோபுரத்தின் உயரமும் 553 மீட்டர்தான்; அந்தக் கோபுரத்தைத் தலைகீழாக நிலத்துக்குள் இறக்கினால் அதன் நுனி உப்புப் படுகையைத் தொட்டு நிற்கும்.

என் அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை பார்த்தவர். 1990இல் போர் காரணமாக அது மூடப்படும்வரை எங்கள் வீட்டுப் பேச்சில் வெயிலும் காற்றும் பாத்திகளும் இல்லாத நாள் இருந்ததில்லை. கடல்நீரைப் பாத்தியில் விட்டதும் உப்பு வந்துவிடாது என்று அவர் பொறுமையாக விளக்குவார். நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும், நீரின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது ஜிப்சமும் படியும். பத்தில் ஒரு பங்குக்கு வந்த பிறகே கறியுப்பு விளையும். எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிவிடும். அந்தக் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிடாவிட்டால் உப்பு கசந்துபோகும்.

இந்த ஊருக்கு வந்தபின் இங்குள்ள பாறைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, அப்பா சொன்ன அதே வரிசை பாறை அடுக்குகளில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தேன். ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, சிலுரியன் காலத்தின் பிற்பகுதியில், இன்று உறைபனியில் கிடக்கும் இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வெப்ப வலயத்தில் இருந்தது. மிச்சிகன் வடிநிலம் என்று புவியியலாளர் அழைக்கும் அகன்ற பள்ளத்தை ஆழமற்ற கடல் நிரப்பியிருந்தது. அதன் விளிம்புகளில் பவளப் பாறைத் திட்டுகள் வளர்ந்து, வெளிக்கடலிலிருந்து நீர் தாராளமாக உள்ளே வருவதைத் தடுத்தன. வெயில் நீரைக் குடிக்க, உள்ளே வரும் நீரோ குறைய, பள்ளம் முழுவதும் யாரும் வெட்டாத ஓர் உப்பளமாயிற்று. கீழே டோலமைட் என்ற மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை, அதன் மேலே நீர் நீங்கிய ஜிப்சமான அன்ஹைட்ரைட், அதற்கும் மேலே ஹேலைட் எனப்படும் பாறையுப்பு என்று படிந்து, கடல் மீண்டும் புகுந்தபோது அதே சுற்று மறுபடியும் தொடங்கியது. சலைனா என்ற பெயருள்ள இந்தப் பாறைத் தொகுதியை ஏ முதல் ஜி வரை எழுத்திட்டுப் பிரித்திருக்கிறார்கள். கோடரிச்சில் வெட்டப்படுவது ஏ-2 உப்பு.

1,000 மீட்டர் ஆழமுள்ள கடல் முழுவதும் வற்றினால்கூட ஏறத்தாழ 13 மீட்டர் தடிப்புள்ள கறியுப்புத்தான் மிஞ்சும். மிச்சிகன் வடிநிலத்தின் நடுப்பகுதியிலோ சலைனா உப்புப் படிவுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிப்பானவை. ஆகவே ஒரே ஒரு கடல் வற்றியதால் இவ்வளவு உப்புச் சேர்ந்திருக்க முடியாது. நீர் விடாமல் உள்ளே கசிந்துவர, பள்ளத்தின் தரையும் மெல்லத் தாழ்ந்துகொண்டே போக, விளைச்சல் நெடுங்காலம் நடந்திருக்க வேண்டும். உப்பளத்தில் பாத்திக்குத் திரும்பத் திரும்ப நீர் பாய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கை நம்புவது கடினமாக இருக்கவில்லை.

சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு ஒரு பாறையுப்புக் கட்டியைத் தந்தார். உள்ளங்கையை நிறைக்கும் அந்தக் கட்டி தூய வெள்ளையாக இல்லை. கண்ணாடி போன்ற தெளிந்த பகுதிகளுக்கு இடையே சாம்பல் நிறக் கோடுகள் ஓடின. களிமண்ணும் அன்ஹைட்ரைட்டும் கலந்ததால் வந்த நிறம் அது. சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் கட்டி சிறு கனசதுரங்களாகப் பிளக்கிறது. சோடியமும் குளோரினும் மூன்று செங்குத்துத் திசைகளிலும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதால் எவ்வளவு சிறிதாக உடைத்தாலும் அந்த மூலைகள் மாறுவதில்லை. தெளிவான ஒரு துண்டைக் கைவில்லையின் கீழே வைத்தபோது உள்ளே நுண்ணிய சதுரக் குழிகள் தெரிந்தன. படிகம் வளரும்போது சிறைப்பட்ட உவர்நீர் இத்தகைய குழிகளில் இருக்கும் என்றும், படிகம் பின்னர் கரைந்து மீளப் படியாமல் இருந்தால் அது அந்தப் பழங்கடலின் நீரேதான் என்றும் வாசித்திருந்தேன். அந்தக் கட்டி குளிர்காலம் முழுவதும் சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் காய்ந்தே இருந்தது. ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதன் முக்கால் பங்கைத் தாண்டிய நாட்களில் வியர்த்து, வைத்திருந்த தட்டில் நீர் தேங்கியது.

மேலே இவ்வளவு பெரிய ஏரி இருக்கும்போது கீழே எப்படித் துணிந்து வெட்டுகிறார்கள் என்று ஊருக்கு வருகிற உறவினர் எல்லோரும் கேட்கிறார்கள். உப்பு நீரில் கரைந்தாலும் புதைந்திருக்கும் உப்புப் படுகை நீரை உள்ளே விடுவதில்லை. அழுத்தத்தில் அது மிக மெதுவாக இளகி, தன் விரிசல்களைத் தானே மூடிக்கொள்கிறது. அதன் மேலே இருக்கும் பாறை அடுக்குகளும் காவலாக நிற்கின்றன. கூரையைத் தாங்குவதற்காக இடையிடையே உப்பையே பெரும் தூண்களாக விட்டுவிட்டு, அறை அறையாக வெட்டிச் செல்கிறார்கள். பெரிய இயந்திரங்களைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கிணறு வழியே இறக்கி, கீழே மீண்டும் பூட்டுகிறார்கள். ஆபத்து வருவது நன்னீர் உள்ளே புகும் இடத்தில்தான்: நியூயோர்க் மாநிலத்தின் ரெட்சொஃப் சுரங்கம் 1994இல் கூரை இடிந்து, நிலத்தடி நீர் புகுந்து அழிந்துபோனது.

இந்த உப்பை முதலில் கண்டதும் தற்செயலாகத்தான். 1866இல் சாமுவேல் பிளாட் என்பவர் இங்கே எண்ணெய் தேடித் துளையிட்டார், கிடைத்தது உப்பு. நீண்ட காலம் கிணறுகளில் உவர்நீர் இறைத்துக் காய்ச்சியே உப்பு எடுத்தார்கள். இன்றைய சுரங்கம் 1959இல் தொடங்கியது.

வெட்டிய உப்பில் பெரும்பங்கு வீதிகளுக்கே போகிறது. பனிக்கட்டியின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் உப்புக் கரைந்து உறைநிலையைத் தாழ்த்துவதால் கட்டி இளகுகிறது. ஆனால் வெப்பநிலை மறை 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அதன் வேகம் மிகவும் குறைந்துவிடும்; மறை 21 பாகைக்குக் கீழே கறியுப்பால் பயனே இல்லை. இளவேனிலில் இந்த உப்பு ஓடைகளுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு மண்ணில் ஒட்டுவதுமில்லை, சிதைவதுமில்லை. வீதி உப்பு சூழலுக்குத் தீங்கானது என்று கனடிய அரசின் மதிப்பீடு 2001இலேயே சொல்லிவிட்டது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் அளவுக்கு மீறி இறைத்த கிணறுகள் உவராவதைக் கண்டவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எனவே இங்கே புதிதாக வீடு எடுக்கும் நம்மவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பனியை முதலில் சவளால் வழித்துத் தள்ளுங்கள், மீந்த பனிக்கட்டியில் மட்டும் கைப்பிடி உப்பை இடைவெளி விட்டுத் தூவுங்கள், கடுங்குளிர் நாளில் உப்பை விட்டு மணலைப் போடுங்கள். காய்ந்த வாசலில் மிஞ்சிக் கிடக்கும் கட்டிகளைக் கூட்டி அள்ளி வாளியில் வைத்தால் அடுத்த பனிக்கு அதே உப்பு போதும்.