குறைமாதக் குழந்தையின் எடைக் கணக்கு

என் மகள் 30 வாரங்களில் 1,260 கிராம் எடையுடன் பிறந்தாள். 1,500 கிராமுக்குக் கீழே பிறப்பவர்களை மருத்துவர்கள் மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளாகக் கணக்கில் கொள்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் அவள் இருந்த காலம் முழுவதும், தராசில் தெரிந்த எண்ணே எங்கள் வீட்டின் அன்றைய நிம்மதியையும் கலக்கத்தையும் முடிவு செய்தது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரிந்தாலே பெற்றோரின் வேதனை பெருமளவு குறையும் என்று நான் உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே அவள் எடை 1,130 கிராமுக்கு இறங்கியது. கருவில் இருந்தபோது உடலில் சேர்ந்திருந்த மிகுதியான நீர், பிறந்த பின் சிறுநீராகவும் மெல்லிய தோல் வழியாகவும் வெளியேறுவதால் இது இயல்பு என்றும், குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறப்பு எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை குறையலாம் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இழந்ததை மீட்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்றார்; அவ்வாறே ஆயிற்று.

ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில், பால் புகட்டுவதற்கு முன், அதே மின்னணுத் தராசில், உடையும் டயபரும் இல்லாமல் எடை பார்ப்பார்கள். வெதுவெதுப்பான துணியைத் தராசில் விரித்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையைக் கிடத்துவார்கள். இவ்வளவு கறார் எதற்கு என்பது கணக்குப் போட்டபோது விளங்கியது. 1,300 கிராம் குழந்தைக்குக் கிலோவுக்கு 160 மி.லி. வீதம் நாளொன்றுக்குச் சுமார் 208 மி.லி. பால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எனப் பிரித்தால் வேளைக்கு 17 மி.லி. குடித்தவுடன் தராசில் வைத்தால் அந்தப் பாலே 17 கிராம் கூட்டிக் காட்டும். அந்தப் பருவத்தில் நாள் முழுவதும் வளர்ந்து சேரும் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு நாள் திடீரென 25 கிராம் குறைந்திருந்தது. ஊசிக்காகக் கையில் வைத்துக் கட்டியிருந்த அட்டையையும் பிளாஸ்திரியையும் முந்தின இரவு அகற்றியிருந்ததைச் செவிலியர் குறிப்பேட்டில் காட்டிய பிறகே எனக்கு மூச்சு வந்தது.

"ஒரு நாள் எடையப் பாத்து அழாதீங்கம்மா, வாரக் கணக்கப் பாருங்க" என்று அவர்தான் சொன்னார். அந்தக் கணக்கையும் அவரே கற்றுக் கொடுத்தார். ஒரு வாரத்தில் 1,300 கிராமிலிருந்து 1,455 கிராமுக்கு ஏறினால் கூடியது 155 கிராம். நாளொன்றுக்கு 22 கிராம். அதை அந்த வாரத்தின் சராசரி எடையான 1.38 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு நாளொன்றுக்கு 16 கிராம். இந்த அளவு 15 முதல் 20 வரை இருக்க வேண்டும் என்பதே அவர்கள் வைத்திருந்த இலக்கு. தலைச் சுற்றளவையும் நீளத்தையும் வாரம் ஒரு முறை அளந்து, மூன்றையும் கனடாவைச் சேர்ந்த டானிஸ் ஃபென்டன் உருவாக்கிய வளர்ச்சி வரைபடத்தில் குறித்தார்கள். தலை வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்தபோது, எடை சற்றுத் தயங்கிய வாரத்திலும் எங்களுக்குத் தைரியம் இருந்தது.

எடை கூடுவதெல்லாம் வளர்ச்சி ஆகிவிடாது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். ஒரே நாளில் 60 கிராம் ஏறியிருந்ததைக் கேட்டு என் அத்தை தொலைபேசியிலேயே மகிழ்ந்தார். மருத்துவரோ குழந்தையின் இமைகளையும் பாதங்களையும் அழுத்திப் பார்த்து, நீர் கோத்திருக்கிறது என்றார். இரண்டு நாளில் நீர் வடிந்து, எடை பழைய கோட்டுக்கே திரும்பியது.

உண்மையான தேக்கம் 1,500 கிராமை நெருங்கியபோது வந்தது. குழாய் வழியாகப் பால் பெற்றவள் பாலாடை எனப்படும் மூக்குள்ள சிறு கிண்ணத்தில் குடிக்கத் தொடங்கியிருந்தாள். உறிஞ்சி விழுங்குவதே அவளுக்குப் பெரிய உழைப்பு. தாய்ப்பாலில் 100 மி.லி.க்குச் சராசரியாக 67 கிலோகலோரி இருக்கிறது. கிலோவுக்கு 160 மி.லி. கொடுத்தால் கிடைப்பது 107. இத்தனை சிறிய குழந்தைக்கு 110 முதல் 135 வரை தேவைப்படும். தொற்று இல்லை, இரத்தசோகை இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்த பின், கறந்தெடுத்த பாலில் சத்துத்தூள் கலந்து கொடுத்தார்கள். பால் கறக்கும்போது முதலில் வருவதைத் தனியாகவும் கடைசியில் வரும் கொழுப்பு மிகுந்த பாலைத் தனியாகவும் எடுத்து, பின்பாலை முதலில் புகட்டவும் சொன்னார்கள். வீட்டிலிருந்து வந்த பூண்டுக் குழம்பையும் சுறாப்புட்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பால் வற்றாமல் இருந்ததற்கு இரவிலும் விடாமல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கறந்ததே முதன்மையான காரணம் என்பேன்.

எடைக்கு நான் நேரடியாகச் செய்ய முடிந்த இன்னொரு உதவி, குழந்தையைத் தோலோடு தோல் சேர மார்பில் அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறைப் பராமரிப்பு. குழந்தையின் உடல் குளிர்ந்தால், வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஆற்றல் வெப்பம் உண்டாக்கவே செலவாகிவிடும். 1978 இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையின்போது எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய இந்த முறையை, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை கடைப்பிடிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2022 இல் பரிந்துரைத்தது. நான் சாப்பிடும் நேரத்தில் என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு அவளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். முதலில் கூச்சப்பட்டவர், பிறகு இறக்கிவைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

விழித்திரைப் பரிசோதனைக்கும் இந்தக் கணக்கு பயன்பட்டது. எடை மெதுவாக ஏறும் குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரைப் பாதிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், கண் மருத்துவர் எடைக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறந்த நான்கு வாரங்களுக்குள் முதல் பரிசோதனை நடந்துவிட வேண்டும். எடை நன்றாக ஏறுகிறது என்பதற்காக எவரும் இதைத் தள்ளிப் போட வேண்டாம்.

தொடர்ந்து மூன்று நாள் எடை ஏறி, பாலை வாய்வழியாகவே முழுமையாகக் குடித்து, இன்குபேட்டர் இல்லாமல் உடல் வெப்பத்தைக் காத்துக்கொண்ட பிறகு, 1,780 கிராமில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் தராசு வாங்க வேண்டாம், வாரம் ஒரு முறை இங்கேயே, இதே தராசில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். முதல் வாரத்தில் 180 கிராம் கூடியிருந்தது. வெளியேறும்போது எடைக் குறிப்பேட்டின் நகலைக் கேட்டு வாங்கியிருந்தேன். தடுப்பூசிக்குப் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் காட்டித்தான், பிறந்த தேதிப்படியான வயதில், முன்கூட்டியே பிறந்த பத்து வாரங்களைக் கழித்த திருத்திய வயதில் அவள் எடையைக் குறிக்கச் சொல்கிறேன்.