படகு பேட்டரியில் சுற்றிவிட்ட வயர்

படகில் பேட்டரி முனையில் வெறும் வயரைச் சுற்றி, ஆட்டம் நிற்க நடுவில் ஒரு ஆணியைச் சொருகி வைத்திருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. அந்த இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே போதும், ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கும்போது 1 வோல்ட் காலி, அந்த ஒரே இடத்தில் 100 வாட் சூடு. அப்புறம் இன்ஜின் முனகுகிறது என்று பேட்டரியைத் திட்டுவோம். சார்ஜ் ஏறும் லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும், அது மூடிய அறையில் தேங்கியிருக்கும்போது லூஸ் வயரில் ஒரு பொறி கிளம்பினால் என்ன ஆகும்? உப்புக்காற்றில் செம்பு இழைகள் பச்சை பூத்து உதிரும் வேறு.

சரி, நடுக்கடலில் வழியில்லை என்றால் குரோக்கடைல் கிளிப் (பல் வைத்த கவ்வி) மாட்டிக் கரை சேருங்கள், தப்பில்லை. வந்ததும் வெள்ளீயம் பூசிய வயரில் ரிங் லக் (வளையம் போன்ற உலோக முனை) வைத்து அழுத்தி, நட்டை இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். விளக்குக்கும் பம்புக்கும் போகும் பாசிட்டிவ் வயரில் பேட்டரியை ஒட்டியே ஒரு ஃப்யூஸும் போடுங்கள்.