கொலாஜன் முப்புரி: செம்புக் கம்பியில் ஒருவழியாக முறுக்கு நின்றது

கொலாஜன் நின்றுவிட்டது. தோல், எலும்பு, தசைநாரைத் தாங்கிப் பிடிக்கிற புரதம் அது, மூன்று சங்கிலிகள் ஒன்றாக முறுக்கியது. 86 சென்டிமீட்டர் உயரம், மூன்று செம்புக் கம்பிகள், கையை எடுத்தாலும் பிரியவில்லை. புதுச்சேரியில் எங்கள் கல்லூரி மாணவர்கள் வைக்கப்போகிற புரதக் கலைக் கண்காட்சிக்காகச் செய்வது இது. மணி கோக்கவில்லை, பீடமும் இன்னும் இல்லை. இருந்தாலும் முறுக்கு விஷயத்தை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன், கம்பியில் புரதம் செய்கிற எல்லாரையும் பாடாய்ப் படுத்துவது அதுதான்.

எடுத்துக்கொண்ட வடிவம், புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் புரதத் தரவு வங்கியில் 1சிஏஜி (1CAG) என்ற எண்ணில் இருப்பது. 1994-இல் வெளிவந்த, கொலாஜன் மாதிரியான சின்னப் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு, சங்கிலிக்கு 30 அமினோ அமிலம். 1 ஆங்ஸ்ட்ராமுக்கு (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) 1 சென்டிமீட்டர் என்று வைத்தால் மேசைக்கு அளவாக வந்துவிடுகிறது. பிள்ளைகள் வழக்கம்போல ஹீமோகுளோபினும் டி.என்.ஏ.வும்தான் கேட்டார்கள். கொலாஜன் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாரின் எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு, கையால் மாதிரி கட்டிக் கட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த வடிவம் அது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் நடந்த வேலையைப் புதுச்சேரிக் கண்காட்சியில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

சரி, முறுக்கு. கொலாஜனில் ஒவ்வொரு சங்கிலியும் தனியாக இடஞ்சுழி, மூன்றும் சேர்ந்து சுற்றுவது வலஞ்சுழி. புரதங்களில் அடிக்கடி வருகிற ஆல்ஃபா சுருளைச் செய்து பழகிய கைக்கு இதுவே எரிச்சல், அது வலஞ்சுழி என்பதால் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும்போது முன்பக்கக் கோடுகள் இடது கீழிருந்து வலது மேலே ஏறினால் வலஞ்சுழி, சாதாரண திருகாணி மாதிரி. இந்த ஒரு பரிசோதனையை வேலை செய்யும் மேசை மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

முக்கால் இன்ச் பி.வி.சி. குழாயில் 9 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று வருகிறபடி இடஞ்சுழியாகக் கோடு வரைந்து, அதன் மேல் 10 கேஜ் செம்புக் கம்பியைப் படிய வைத்தால் ஒரு சங்கிலி தயார். இதுவரை ஒன்றும் கஷ்டம் இல்லை. மூன்றையும் சேர்த்து வலப்பக்கம் திருக ஆரம்பித்தால்தான் வினை. பெரிய முறுக்கு ஏற ஏற, எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிற சின்னச் சுருள் கழன்றுகொண்டே போகிறது. முழு நீளத்துக்கும் பெரிய முறுக்கு ஒன்றரைச் சுற்றுக்குள்தான், ஆனால் அது ஏறி முடிவதற்குள் ஒவ்வொரு கம்பியிலும் கிட்டத்தட்ட அதே அளவு சுருள் காணாமல் போய், அங்கங்கே நேர்க்கம்பியாகவே நிற்கிறது. கையை விட்டால் மொத்தமும் பிரிகிறது. கம்பியை மாற்றினாலும், குழாயின் தடிமனை மாற்றினாலும், நடுவில் கட்டுக்கம்பி போட்டுப் பிடித்தாலும் அதே கதைதான்.

வழி கிடைத்தது வீராம்பட்டினத்தில். அங்கே படகுக் கயிறு திரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கம்பியை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்படியே சேத்தா பிரிஞ்சுதான் போவும் தம்பி. ஒவ்வொரு புரிக்கும் உள்முறுக்கு குடுத்துக்கினே சேக்கணும்" என்றார். அவ்வளவுதான்! கயிற்றிலும் புரி ஒரு பக்கம், கயிறு எதிர்ப்பக்கம், அதனால்தான் அது பிரியாமல் நிற்கிறது. கொலாஜனும் அதே வேலையைத்தான் நம் தசைநாரில் செய்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பலகையில் மூன்று கைப்பிடிகள் பொருத்தினேன், கம்பிக்கு ஒன்று. கடைசல் பட்டறையில் சொல்லி, பக்கவாட்டில் மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டை ஒன்றும் கடைந்து வாங்கினேன், மூன்று கம்பிகளும் அதன் வழியாக வந்துதான் சேர வேண்டும். ஒரு மாணவி கூம்பை மெதுவாக நகர்த்த, நான் முனையை வலப்பக்கம் திருக, இன்னும் மூன்று பேர் தங்கள் கைப்பிடிகளை இடப்பக்கம் திருகிக்கொண்டே வர, சுருள் ஒன்றுகூடக் கழலாமல் வந்து உட்கார்ந்தது பாருங்கள், அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. செம்பு வளைக்க வளைக்க இறுகிவிடும் என்பதால், சேர்ப்பதற்கு முன் மங்கலாகச் சிவக்கும்வரை சூடுகாட்டித் தண்ணீரில் போட்டு எடுப்பது கட்டாயம்.

கம்பி வாங்குகிறவர்கள் ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். செம்பு என்று சொல்லி எனக்கு ஒரு கடையில் கொடுத்தது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். சூடுகாட்டும்போது துண்டு துண்டாகக் கையில் வந்தது. பணம் போனதை விட அன்றைய வேலை மொத்தமும் போனதுதான் கோபம்.

இனி மணிகள். ஒரு அமினோ அமிலத்துக்கு ஒரு மணி, மொத்தம் 90, வில்லியனூரில் சுடுமண்ணில் செய்யச் சொல்லியிருக்கிறேன். மண் காய்ந்து சுடும்போது துளையும் சேர்ந்து சுருங்கும், அதனால் கம்பியை விட நன்றாகவே பெரிதாகத் துளை வையுங்கள் என்று குயவர் அக்காவே சொன்னார். அமினோ அமிலங்களில் புரோலினும் ஹைட்ராக்ஸி புரோலினும் பெரிய மணி, எல்லாவற்றிலும் சின்னதான கிளைசின் சின்ன மணி. ஒவ்வொரு மூன்றாவது மணியும் நடு அச்சுக்குள் போய் விழுகிறது, அங்கே கிளைசினுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. 1சிஏஜி-யில் ஒவ்வொரு சங்கிலியின் நடுவிலும் ஒரே ஒரு கிளைசின் மட்டும் அதைவிடக் கொஞ்சம் பெரிய அலனினாக மாறியிருக்கும். ஒத்திகைக்கு அந்த இடத்தில் கொஞ்சம் பெரிய மெழுகு உருண்டையை வைத்தோம். மூன்று கம்பிகளும் அங்கே மட்டும் விலகிப் புடைத்துக்கொண்டு, முறுக்கும் தளர்ந்தது. உண்மையான படிகத்திலும் அந்த இடத்தில் முறுக்கு தளர்ந்துதான் இருக்கிறது. இந்த மாதிரி ஒரு கிளைசின் மாறிப்போவதால்தான் எலும்பு கண்ணாடி மாதிரி உடைகிற நோய் பலருக்கு வருகிறது என்று சொன்னதும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அந்த மூன்று மணிகளுக்கு மட்டும் கறுப்பு என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

ஒரு புகார் உண்டு. விளம்பரத் தட்டி அடித்த கடையில், அழகுக்காக மாதிரியின் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டார்கள். இத்தனை பாடுபட்டு நிறுத்திய வலஞ்சுழி தட்டியில் இடஞ்சுழியாகத் தொங்குகிறது. டி.என்.ஏ. படங்களுக்கும் ஊர் முழுக்க இதே கதிதான். திருப்பி அடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், கொடுக்காமல் விடுவதாக இல்லை.

அடுத்தது பச்சை ஒளிர் புரதம், பனை ஓலையில். 11 இழைகள் சுற்றி நின்று பீப்பாய் மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே ஒளிரும் பகுதி. பச்சை எல்.இ.டி. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. அந்த இழைகள் சாய்ந்து நிற்பதால் ஓலையை நேராகப் பின்ன முடியாது, கூடை முடைகிறவர்கள் யாராவது சாய்வுப் பின்னலுக்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கடல் காற்றில் செம்பு பச்சை பூக்காமல் இருக்க முப்புரிக்கு லாக்கர் அடிக்க வேண்டும், அது மணி சூளையிலிருந்து வந்த பிறகுதான்.