விழிப்புலனற்ற பிள்ளைகளின் பாடசாலையில் கவர்னராக இருப்பது: திருகோணமலையிலிருந்து இங்கிலாந்து வந்தவர்களுக்கு

திருகோணமலையில் அதிபராக, ஆசிரிய ஆலோசகராக, கச்சேரியில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகளோடு இங்கிலாந்தில் குடியேறியவர்கள் பலர். அனுபவம் கையில் இருக்கிறது, அதை எங்கே கொடுப்பது என்றுதான் தெரிவதில்லை. பாடசாலைக் கவர்னர் பொறுப்பு, அதாவது பாடசாலையை மேற்பார்வை செய்யும் சபையில் உறுப்பினராக இருப்பது, அப்படிப்பட்டவர்களுக்குப் பொருத்தமானது. அதிலும் விழிப்புலனற்ற பிள்ளைகளின் விசேட பாடசாலைகள் எங்கள் ஆட்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். ஊரில் இப்படியான பிள்ளையைக் கைதடி நவீல்டுக்கோ இரத்மலானைக்கோ அனுப்புவதுதான் நமக்குத் தெரிந்த வழி. இங்கே பார்வைக்குறைபாடுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் சாதாரண பாடசாலைகளிலேயே படிக்கிறார்கள். விசேட பாடசாலைக்கு வருபவர்களில் பலருக்குப் பார்வையோடு வேறு தேவைகளும் இருக்கும்.

முதலில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்து வழக்கத்தை மறக்க வேண்டும். அங்கே அதிபர்தான் தலைவர்; கூரை ஒழுகினால் சிரமதானம், மதிலுக்குக் காசு குறைந்தால் பழைய மாணவர்களிடம் ஒரு சுற்று. இங்கே அதிபரைத் தெரிவு செய்வதும், ஆண்டுதோறும் அவருடைய வேலையை மதிப்பிடுவதும் கவர்னர் சபைதான். ஆனால் தனி ஒரு கவர்னருக்கு எந்த அதிகாரமும் இல்லை. வகுப்புக்குள் போய் ஆசிரியருக்குப் புத்தி சொல்ல முடியாது. கூட்டத்தில் கேட்கிற கேள்விதான் உங்கள் கருவி. அது கூர்மையாக இருக்க விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

சேர்வது கடினமில்லை. கவர்னர் சபையின் செயலாளரான கிளார்க்கிடமோ கவுன்சிலின் கவர்னர் பிரிவிலோ கேட்கலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; பிரித்தானியக் குடியுரிமை வேண்டியதில்லை. வழமையான பதவிக்காலம் 4 ஆண்டு. சம்பளம் இல்லை. குற்றப் பின்னணி பார்க்கும் உயர்நிலை டிபிஎஸ் சோதனை கட்டாயம். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் இலங்கைப் பொலிஸ் அறிக்கையும் கேட்கலாம். ஊரில் எந்த முகவரியில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தீர்கள் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருங்கள். இடம்பெயர்ந்து நாலைந்து வீடு மாறியவர்களுக்கு இதில்தான் மாதக்கணக்கில் இழுபடும்.

கவுன்சில் பாடசாலைகளில் முழுச் சபை ஆண்டுக்குக் குறைந்தது 3 தடவை கூட வேண்டும், உபகுழுக்கள் வேறு. ஆவணங்கள் 7 நாள் முன்னதாக வந்துவிடும். வாசிக்காமல் போனால் கூட்டத்தில் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை இராது. அனுமதி பெறாமல் 6 மாதம் வராதவர் பதவி இழப்பார்.

இனிப் பாடசாலைக்குள் வருவோம். அதிபரின் அறிக்கையில் சதவீதங்கள் இருக்கும். அவற்றை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு வகுப்பில் 5 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளையின் மாற்றமே 20 சதவீதம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு தடவையாவது அது மீளாய்வு செய்யப்பட வேண்டும். எத்தனை மீளாய்வுகள் பிந்தியுள்ளன, திட்டத்தில் எழுதிய நடமாட்டப் பயிற்சி உண்மையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளைப் பிரம்பு பிடித்துத் தெருக் கடக்கப் பழக்குபவர் தனித் தகைமை பெற்றவர். அவர் நீண்ட விடுப்பில் போனால் பயிற்சி நின்றுபோகும். அறிக்கையில் அது ஒரு வரியாகக்கூட வராது.

ஆசிரியர் தகைமையும் அப்படியே. பார்வைக்குறைபாடுள்ள பிள்ளைகளின் வகுப்பைக் கற்பிப்பவர் 3 ஆண்டுக்குள் அதற்கான கட்டாயத் தகைமையைப் பெற வேண்டும். யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார், அவர் படிக்கும் நாளில் வகுப்பை யார் பார்க்கிறார் என்பவை நல்ல கேள்விகள்.

இந்த நாட்டில் பிள்ளைகளின் பார்வைக்குறைபாட்டுக்கு முதற்காரணம் மூளை சார்ந்தது. கண் நலமாயிருந்தும் மூளை படத்தைப் பிரித்தறியாத நிலை அது. காலையில் தெரிந்த பொருள் களைத்த பின்னேரத்தில் தெரியாது. சுவர் நிறையப் படம் ஒட்டிய வகுப்பில் எதுவுமே பிடிபடாது. 'கவனமில்லை', 'ஒத்துழைப்பில்லை' என்று அறிக்கையில் வந்தால், அந்த வகுப்பறைச் சுவரில் என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள்.

பாடசாலையைச் சுற்றிப் பார்க்கும்போது கதவுகளைப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மிக ஆபத்தானது பாதி திறந்த கதவு. நீட்டிய கையும் பிரம்பும் இரண்டு பக்கத்தாலும் தப்பிவிட, கதவின் விளிம்பு நேரே முகத்தில் அடிக்கும். கதவு முற்றாகத் திறந்திருக்க வேண்டும் அல்லது முற்றாக மூடியிருக்க வேண்டும். படி விளிம்புகளில் நிற வேறுபாடு தெரிய வேண்டும். பளபளக்கும் தரை அழகாயிருக்கும். சாளர வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் மிச்சப் பார்வையுள்ள பிள்ளைக்கு வழியே மறைந்துபோகும்.

பிரெய்ல் என்பது விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்து. அதன் தட்டெழுத்து இயந்திரம், அதாவது பேர்க்கின்ஸ் பிரெய்லர், ஏறத்தாழ 5 கிலோ. புள்ளிக்கு ஒன்றாக 6 விசைகள், நடுவில் இடைவெளி விசை. உள்ளே எண்ணெய் இறுகி உறுப்புகள் தேய்ந்தால் சில புள்ளிகள் மேலெழாது. ஒரு புள்ளி குறைந்தால் எழுத்தே வேறாகிவிடும். பழி பிள்ளையின் எழுத்துக்கூட்டலில் விழும். ஆகவே பராமரிப்புச் செலவு வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜிசிஎஸ்இ எழுதும் பிள்ளைகளுக்குப் பிரெய்ல் வினாத்தாளும் 18 அல்லது 24 பொயின்ட் அளவுப் பெரிய எழுத்துத் தாளும் ஜனவரி இறுதிக்குள் கோரப்பட வேண்டும். கோடைப் பரீட்சைதானே என்று ஈஸ்டருக்குப் பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். இலையுதிர்காலக் கூட்டத்திலேயே கேளுங்கள்.

பணம். விசேட பாடசாலையில் ஓர் இடத்துக்கு அடிப்படை நிதி ஆண்டுக்கு 10,000 பவுண். மிச்சத்தைப் பிள்ளை வசிக்கும் கவுன்சில் கொடுக்கும். இந்தப் பாடசாலைகளுக்குப் பல கவுன்சில்களிலிருந்து பிள்ளைகள் வருவதால், ஒவ்வொன்றோடும் தனித்தனியே பேசி வாங்க வேண்டும். ஆண்டு நடுவில் ஒரு பிள்ளை விலகினால் அந்தக் கவுன்சில் கொடுக்கும் தொகை போய்விடும், ஆசிரியர் சம்பளம் குறையாது. கச்சேரிக் கணக்கு பார்த்தவர்களின் கண் இங்கே மிகவும் உதவும்.

தமிழ்ப் பெற்றோர் உங்களைத் தேடி வருவார்கள். "அண்ணை, நீங்கள் உள்ளுக்க இருக்கிறீங்கள், ஒருக்கா சொல்லிவிடுங்கோ" என்பார்கள். முறைப்பாட்டு நடைமுறையைக் காட்டிவிடுங்கள், விபரம் கேட்காதீர்கள். முறைப்பாட்டை இறுதியில் விசாரிக்கும் குழுவில் கவர்னர்கள் அமர்வார்கள். முன்னரே கதை கேட்டவர் அதில் அமர முடியாது. மொழிபெயர்ப்புக்கும் நீங்கள் போகக்கூடாது. பாடசாலையிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும்படி சொல்லுங்கள்.

பழைய பிரெய்லர்களைத் திருகோணமலைக்கு அனுப்பலாமா என்ற எண்ணம் பலருக்கு வரும். நல்ல எண்ணம். ஆனால் அது பாடசாலையின் சொத்து. அகற்றும் முடிவு கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும், உங்கள் ஊர்த் தொடர்பையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பேர்க்கின்ஸுக்கு மின்சாரம் வேண்டாம், தமிழ்ப் பிரெய்லும் அதே 6 புள்ளிதான். கணினியோடு இணையும் பிரெய்ல் திரைகளை மட்டும் அனுப்ப வேண்டாம். பழுதானால் திருத்த ஆள் கிடைப்பது அரிது. உப்புக்காற்றில் இரும்புச் சுருள்கள் துருப்பிடிக்கும் என்பதால் உறையும் எண்ணெயும் சேர்த்து அனுப்புங்கள். மாரியில் ஈரம் குடித்த காகிதத்தில் புள்ளி படுத்துவிடும். தடித்த பிரெய்ல் காகிதத்தை மூடி இறுகிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.