முனை அடைத்த மதியம்

செல் சார்ட்டர் ஓட்டுவதுதான் என் வேலை. செல்கள் கலந்த திரவத்தை நுண்ணிய முனை வழியாகத் தாரையாகப் பாய்ச்சி, துளிகளாகப் பிரித்து, வேண்டிய செல் உள்ள துளிக்கு மட்டும் மின்னேற்றம் கொடுத்துத் தனியே சேர்க்கும் கருவி அது. நேற்று மதியம் ஒரு பிஎச்.டி. மாணவி எலி மண்ணீரல் செல்களோடு வந்தாள். "வடிகட்டினியாம்மா?" என்றேன். "ஆச்சுக்கா." பத்தே நிமிடம். 70 மைக்ரான் முனை அடைத்து, தாரை கோணலாகப் பாய்ந்தது.

இறந்த செல்களிலிருந்து கசியும் டி.என்.ஏ. பசை மாதிரி, மற்ற செல்களை ஒட்டிக் கட்டியாக்கிவிடும். 40 மைக்ரான் வலையில் வடிகட்டிய பிறகும், குழாயிலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் நொதி உதவும். ஆனால் அவள் கரைசலில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் இருந்தது. நொதிக்கு மக்னீசியம் வேண்டும், ஈ.டி.டி.ஏ. அதைப் பிடுங்கிக்கொள்ளும். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ!

முனையைக் கழற்றிக் கழுவி மாட்டி, துளி பிரியும் இடத்தைத் திரும்ப அளந்தேன். அந்த அளவு பிசகினால் மின்னேற்றம் பக்கத்துத் துளிக்குப் போய்விடும். வேண்டிய செல் கழிவில் விழும். 1965இல் அமெரிக்க ஆய்வாளர் மேக் ஃபுல்வைலர் செய்த முதல் கருவியிலும் இதே துளி முறைதான்: இங்க்ஜெட் அச்சுக்காக வந்த துளி நுட்பத்தைச் செல்களுக்குத் திருப்பினார்.

அவளுடைய இரண்டு மணி நேர முன்பதிவில் நாற்பது நிமிடம் போச்சு. அடுத்த ஆள் வாசலில் ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தார். அவள் கேட்டது ஐந்து லட்சம் டி செல்கள் (ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்கள்), கிடைத்தது மூன்று லட்சம். "போதும்க்கா" என்று குழாயை ஐஸில் செருகிக்கொண்டு ஓடினாள்.